பனிக்கால இரவும் சைக்கிள் விளக்கும்

மயூர் விஹாரிலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் பத்தாம் வகுப்பில் படிக்கிறான். மாலைப் பாடம் முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது இரவு எட்டரை ஆகிவிடுகிறது. இன்னும் சில வாரங்களில் மூடுபனி இறங்கிவிடும். 500 ரூபாய்க்குள் நல்ல விளக்கு ஏதேனும் கிடைக்குமா, அதனை எங்கே, எப்படிப் பொருத்துவது, அவ்வாறு இயலாதெனில் பையனின் பாடத்தையே நிறுத்திவிட வேண்டியதுதானா என்று கேட்கிறார். கடிதத்தின் இறுதியில் போகிறபோக்கில் மற்றொரு வரியும் இருக்கிறது. தாமும் விடியற்காலை ஐந்தரைக்கு அதே சைக்கிளில்தான் சமையல் வேலைக்குச் சென்று வருவதாக எழுதியிருக்கிறார்.

பாடத்தை நிறுத்த வேண்டுவதில்லை. 500 ரூபாய் போதும். ஆனால் அந்த இறுதி வரியைத்தான் நாம் இருமுறை படித்தோம். தில்லியில் மூடுபனி பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின் அடர்ந்து விடியற்காலையில் உச்சம் பெறுகிறது. ஆகையால் இரவு எட்டரைக்கு வரும் மகனைவிட, விடியுமுன் புறப்படும் தாய்க்கே இடர் அதிகம். விளக்கு வாங்கும்போது அவர் தம்மையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறோம். ஓக்லாவில் இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் அன்பர்கள், பத்திரிகை போடும் இளைஞர்கள் ஆகியோருக்கும் இங்கே கூறுவன பொருந்தும்.

விளக்கில்லாச் சைக்கிளைப் போலீஸ்காரர் நிறுத்தி, சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிட்ட காலத்தைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கும், பிறகு டயரில் உராய்ந்து சுழலும் டைனமோவும் இருந்தன. 6 வோல்ட், 3 வாட் என்பது டைனமோவின் வழக்கமான அளவு. மிதித்தால் ஒளி, நின்றால் இருள். மழையில் டயர் நனைந்தால் வழுக்கிக்கொண்டு அதுவும் போய்விடும். சிவப்பு சிக்னலில் நிற்கும்போது, பின்னால் லாரி வந்து நிற்கும் அந்த வேளையிலேயே விளக்கு அணைந்திருப்பது அதன் பெருங்குறை. பழைய டைனமோ வீட்டில் இருந்தால் அதனைக் கழற்றி எறிய வேண்டாம். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம்.

இனி ஒரு சிறு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் எதிரே ஒன்றைக் கண்டு, இன்னதென உணர்ந்து, பிரேக்கில் காலை வைப்பதற்கு ஒன்றரை விநாடி ஆகும் என்று கொள்வோம். அதற்குள் 25 மீட்டர் போயிற்று. அதன்பின் வண்டி நிற்க, காய்ந்த சாலையிலும் இன்னும் 20 மீட்டரேனும் வேண்டும். ஆக மொத்தம் 45 மீட்டர். கண்ணுக்கு 50 மீட்டருக்கும் குறைவாகத் தெரியும் பனியை வானிலைத் துறையார் மிக அடர்ந்த மூடுபனி என்று வகுத்திருக்கிறார்கள். அத்தகைய பனியில் கார்க்காரர் மெல்லச் செல்ல வேண்டும் என்பது உண்மையே. செல்வார் என்று நம்பி நாம் சாலையில் இறங்குவதற்கில்லை.

ஆகவே நம்முடைய முதல் யோசனை, கையிலுள்ள பணத்தை முன்விளக்குக்கே கொட்டிவிட வேண்டாம் என்பது. கடைக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். நாம் காண்பதற்கு ஒரு விளக்கு வேண்டும், மெய்தான். ஆனால் நம்மைப் பிறர் காண்பதற்கு இன்னொன்று வேண்டும். அது முதுகுக்குப் பின்னால் இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை, மனத்திலும் படுவதில்லை. சிவப்புப் பின்விளக்கு ஒன்று 150 ரூபாய் அளவிலும், முன்விளக்கு 250 ரூபாய் அளவிலும் வாங்கிவிட்டு, மீதியில் ஒளி திருப்பும் ஒட்டுநாடா ஒரு சுருள் வாங்கினால் நமது சகோதரியின் தொகை சரியாகிவிடும். ஜண்டேவாலான் சைக்கிள் சந்தைக்கு ஒருநாள் நேரிற் சென்று நாலு கடை ஏறி இறங்குவது நல்லது. கையில் வாங்கி எரித்துப் பார்க்காமல் விளக்கை வாங்கலாகாது.

ரிஃப்ளெக்டர் இருக்கும்போது பின்விளக்கு எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. 2020-ஆம் ஆண்டில் மத்திய அரசு சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது நல்ல காரியமே. பெடலில் உள்ள மஞ்சள் ரிஃப்ளெக்டர் மேலும் கீழும் அசைவதைக் கண்டதும் முன்னே செல்வது சைக்கிள் என்று ஓட்டுநருக்குத் தூரத்திலேயே விளங்கிவிடுகிறது. அதனைக் கழற்ற வேண்டாம். ஆனால் ரிஃப்ளெக்டர் தானாக ஒளிர்வதில்லை. காரின் ஒளி வந்து விழுந்தால் அதையே திருப்பி அனுப்புகிறது. பனியில் அவ்வொளி போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என இருமுறை பனியைக் கடக்க வேண்டியிருப்பதால் மங்கிவிடுகிறது. விளக்கின் ஒளியோ ஒரேமுறைதான் கடக்கிறது. குறுக்குத் தெருவிலிருந்து வரும் வண்டியின் ஒளி நம்மீது விழுவதேயில்லை. அங்கே ரிஃப்ளெக்டரால் யாதொரு பயனுமில்லை.

கடையில் பெட்டியின்மீது அச்சிட்டிருக்கும் எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். மலிவு விளக்குகளில் 2000 லூமன், 5000 லூமன் என்றெல்லாம் கூசாமல் போட்டிருக்கிறார்கள். தெருவிளக்குள்ள சாலையில் உண்மையான 100 லூமனே போதும். விளக்கற்ற சாலையில் 200 முதல் 300 வரை இருந்தால் தாராளம். பேட்டரியைப் பற்றிய எண்ணும் அப்படியே. 18650 எனப்படும் லித்தியம் பேட்டரி 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது. அவ்வளவு இடத்தில் நல்ல கம்பெனிக்காரர்களே 3500 மில்லி ஆம்பியர் மணி அளவுக்குத்தான் சேமித்துக் காட்டுகிறார்கள். அதே உருவத்தின்மேல் 9900 என்று எழுதியிருந்தால், அந்த எண் பொய் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எண்ணிலேயே பொய் சொல்லுகிறவர் உள்ளே என்ன வைத்திருப்பாரோ!

முன்னும் பின்னும் இழுத்து ஒளியைக் குவிக்கும் டார்ச் வகையும் விலை குறைவாகக் கிடைக்கிறது. அதனைச் சுவரில் அடித்துப் பார்த்தால், குவித்த நிலையில் சதுரமான ஒளித்துண்டு ஒன்று விழும், உள்ளிருக்கும் எல்.இ.டி. சில்லின் உருவமே அது. சாலையில் அந்தச் சதுரம் மட்டும் பளிச்சென்றிருக்க, பக்கத்திலுள்ள பள்ளம் இருளில் ஒளிந்துகொள்ளும். சைக்கிளுக்கு அகன்று பரவும் ஒளியே உகந்தது. நீரைத் தாங்குவதற்கு ஐ.பி.எக்ஸ். 4 என்ற குறி இருந்தால் மழைத் தூறலுக்கும் சேற்றுத் தெறிப்புக்கும் போதும். சார்ஜ் செய்யும் துளைக்கு ரப்பர் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்க்கவும். டைப்-சி துளையுள்ள மலிவு விளக்குகள் சில, புதிய போன்களின் இருமுனையும் டைப்-சியாக உள்ள கம்பியில் சார்ஜ் ஏறுவதில்லை. பழைய அகன்ற முனைக் கம்பியில்தான் ஏறும். விளக்கு கெட்டுவிட்டது என்று எண்ணித் தூர எறிந்துவிட வேண்டாம்.

இனிப் பொருத்துவதைப் பற்றி. இங்கேதான் நல்ல விளக்கும் வீணாகிறது.

நமது சகோதரியின் சைக்கிளில் முன்னால் கூடை இருக்கிறதாம். ஹாண்டிலில் விளக்கை மாட்டினால் ஒளி கூடைக்குள்ளேயே விழுந்து, காய்கறிப் பைக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கும். கூடையின் முன்விளிம்பில் ஒரு துண்டுக் குழாயைப் பிளாஸ்டிக் டையினால் இறுகக் கட்டி, அதன்மேல் விளக்கின் பிடியை மாட்டலாம். ஃபோர்க்கின் மேற்பகுதியில் மாட்டுவது இன்னொரு வழி. தாழ்ந்த விளக்கில் பள்ளம் மேடுகளின் நிழல் நீண்டு விழுவதால் சாலை நன்றாகப் புலப்படும். பனியிலும் ஒளி நேரே கண்ணுக்கு எதிரில் திரும்பி வந்து கூசுவது குறையும். கூடையில்லாச் சைக்கிளில் ஹாண்டிலே வசதி. பழைய கறுப்புச் சைக்கிள்களில் ஹாண்டிலின் அடியில் பிரேக் கம்பிகள் ஓடுவதால் இடம் குறைவு. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு முன்பக்கம் விளக்குக்கென்றே ஒரு இரும்புத் தாங்கி உண்டு. நம் முன்னோர் மறவாமல் வைத்த அதனை நாம்தான் மறந்துவிட்டோம்.

பிடி எதுவானாலும் அதன் அடியில் பழைய ட்யூப் ரப்பரில் ஒரு துண்டைச் சுற்றிவிட்டு இறுக்கவும். ஹாண்டில் கைப்பிடிப் பக்கத்தில் 22 மில்லிமீட்டர் அளவும், நடுவில் 25 மில்லிமீட்டருக்கு மேலும் இருக்கும். ரப்பர் அந்த வேற்றுமையை நிரப்பும், பள்ளத்தில் இறங்கும்போது விளக்கு தலை கவிழாமலும் காக்கும். ரிப்பேர்க் கடையில் கேட்டால் இந்தத் துண்டுக்குக் காசு வாங்கமாட்டார்.

ஒளியின் சாய்வை அமைக்க ஒரு சுவர் போதும். விளக்கு தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிச் சைக்கிளை நிறுத்தி, ஒளியின் நடுப்பகுதி சுவரில் அரை மீட்டர் உயரத்தில் விழுமாறு சாய்க்கவும். அப்போது சாலையில் அது 10 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும்; ஒளியின் மேற்பகுதி அதற்கப்பாலும் பரவும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவர் விநாடிக்கு 5 மீட்டர் செல்கிறார். பள்ளத்தைக் கண்டு நிற்க அவருக்குப் பன்னிரண்டு மீட்டர் அளவில் வேண்டும். ஆதலின் மெதுவாக மிதிப்போருக்கு இந்தச் சாய்வு பொருந்தும். இதற்கு மேலாக நிமிர்த்தினால் எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்குவோம். கண் கூசியவர் நம்மீதே வந்து மோதவும் கூடும். முன்விளக்கைச் சாலையில் மின்னவிடாமல் நிலையாக எரியவிடுவதே தக்கது.

பின்விளக்கை வழக்கமாகச் சீட்டுக் கம்பத்தில் மாட்டுகிறார்கள். மகன் சென்றால் புத்தகப்பை தொங்கி அதனை மறைக்கும். தாய் சென்றால் சால்வையின் முனை மறைக்கும். கேரியர் உள்ள சைக்கிளில் அதன் கடைக்கோடியில் மாட்டுவதே சிறந்தது. கேரியர் இல்லையேல் பின்சக்கரத்தை அணைத்து இறங்கும் கம்பியில் வலப்புறமாக மாட்டலாம். நம் நாட்டில் நம்மை முந்துகிறவர் வலப்புறமாகவே வருகிறார். மாட்டியபின் ஒருவர் ஏறி உட்கார, மற்றவர் முப்பது அடி பின்னால் சென்று நின்று பார்க்க வேண்டும். விளக்கு வானத்தைப் பார்க்கிறதா, தரையைப் பார்க்கிறதா, தமது கண்ணைப் பார்க்கிறதா என்பது அப்போது தெரியும். மின்னும் ஒளி கவனத்தை ஈர்க்கிறது. ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்க நிலையான ஒளியே உதவுகிறது. ஆகவே பனியில் நிலையாக எரியவிடுவதை நாம் விரும்புகிறோம். நீலம், பச்சை என்று நிறம் மாறும் பின்விளக்குகளைச் சிறுவர்கள் கேட்பார்கள். வாங்கித் தர வேண்டாம். சிவப்பு என்றால் முன்னே செல்லும் வண்டியின் பின்புறம் என்று ஓட்டுநர் சிந்தியாமலே அறிகிறார்.

ஒட்டுநாடாவில் சிவப்பைப் பின் மட்கார்டிலும், வெள்ளையை ஃபோர்க்கின் இருபுறமும் ஒட்டவும். ஒட்டுமுன் மண்ணெண்ணெய்த் துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பிறகு சோப்பு நீரால் கழுவிக் காயவிடவும். இல்லையேல் ஒரு வாரத்தில் உரிந்துவிடும்.

சைக்கிளை நிறுத்துமிடத்தில் விளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் வேண்டும். இரவு முழுதும் தலையணையருகே சார்ஜ் போட வேண்டாம். விழித்திருக்கும் நேரத்தில் கண்ணெதிரே போடுவதே முறை. உப்பிய பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யாமல் ஒதுக்கிவிடவும். விளக்கை வாரம் ஒருமுறை, குறிப்பிட்ட ஒரு நாளில், தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும் சார்ஜ் செய்வது என்று வைத்துக்கொண்டால் நடுவழியில் அணையாது.

சிறு குழந்தைகள் உள்ள இல்லங்களுக்கு ஒன்று. மிக மலிவான பின்விளக்குகளில் 2032 என்ற நாணய வடிவ பேட்டரி இருக்கிறது. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள அது குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே உள்ளே வெந்து புண்ணாக்கிவிடும். திருகாணி இல்லாமல் நகத்தாலேயே திறக்கக்கூடிய மூடி உள்ள விளக்கை அவ்வில்லங்களில் வாங்கவே வேண்டாம். குழந்தை விழுங்கியிருக்குமோ என்ற ஐயம் தோன்றினால்கூட, வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

குளிர்கால அறை ஹீட்டர்களைப் பற்றிக் கேட்டிருக்கும் அன்பர்களுக்கு அடுத்த இதழில் விடை கூறுவோம்.