புதிய தமிழ் நாவல்களை நூலகத்தில் கேட்பது யார்?

இந்நாட்டில் ஒரு தமிழ் நாவல் எப்படி வெளியீடு காண்கிறது என்பது அனைவரும் அறிந்ததே. ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு மண்டபம், தமிழ் வாழ்த்து, பிரமுகரின் சிறப்புரை, முதல் நூலைப் பெறுபவருக்கு ஒரு மாலை. வந்தவர்கள் உறையில் 50 வெள்ளியோ 100 வெள்ளியோ வைத்துக் கொடுத்து, எழுத்தாளரின் கையெழுத்தோடு ஒரு பிரதியைப் பெற்றுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் புறப்படுகிறார்கள். அச்சிட்ட சில நூறு பிரதிகளில் பெரும்பகுதி அந்த ஒரே மாலையில் கைமாறிவிடுகிறது. மிச்சம் எழுத்தாளர் வீட்டில் பெட்டிக்குள் தங்கிவிடுகிறது.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த உறைகள் இல்லாவிட்டால் அச்சகக் கடன் அடையாது. ஆனால் மண்டபத்துக்கு வராதவர்களின் நிலை வேறு. தோட்டம் துண்டாடப்பட்டு மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பெண், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞர் ஆகியோருக்கு அந்த நாவல் வந்த செய்தி பத்திரிகையில் படத்தோடு முடிந்துவிடுகிறது. அருகிலுள்ள பொது நூலகத்தின் தமிழ் அலமாரியைத் தேடினால், இருப்பவை பெரும்பாலும் தமிழகத்துப் பழைய குடும்ப நாவல்கள், சமையல், சோதிடம், தேர்வு வழிகாட்டிகள். இந்த மண்ணைப் பற்றி இந்த மண்ணில் எழுதப்பட்ட நூல் அபூர்வம்.

பழியை நூலகத்தின் மீது மட்டும் போடுவது எளிது. ஆனால் கணக்கின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நாவலை வாங்கி வையுங்கள் என்று நூலகத்தில் எழுதிக் கொடுத்தவர் எத்தனை பேர்?

சட்டப்படி போகும் 5 பிரதிகள்

1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, மலேசியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் 5 பிரதிகளைப் பதிப்பாளர் ஒரு மாதத்திற்குள் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். நூலின் பின்னட்டையில் காணப்படும் ஐ.எஸ்.பி.என். எண்ணை வழங்குவதும் தேசிய நூலகம்தான். இதைக் கேட்டுவிட்டு, "அதுதான் அரசாங்கத்திடம் போய்விட்டதே, நூலகத்தில் கிடைக்கும்" என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்.

அது சரியன்று. ஒப்படைப்புப் பிரதியின் நோக்கம் பாதுகாப்பு. நூறு ஆண்டு கழித்தும் அந்த நூல் இருந்தது என்பதற்கான சான்று அது. கிள்ளானிலோ சுங்கை பட்டாணியிலோ ஒருவர் வீட்டுக்கு எடுத்துச் சென்று படிப்பதற்கான பிரதி வேறு. அதை அந்தந்த மாநில நூலகம் தனியாக வாங்க வேண்டும். பொது நூலகங்களை நடத்துவது மாநில அளவிலான நூலக வாரியங்கள். ஒரு மாநிலம் வாங்கியதால் அடுத்த மாநிலம் வாங்கிவிடாது.

ஏன் வாங்கப்படுவதில்லை?

முதல் காரணம் விற்பனை வழி. அரசு நிறுவனங்கள் பொதுவாகப் பதிவு பெற்ற விநியோகஸ்தர்கள் வழியாகவே வாங்குகின்றன. சொந்தக் காசில் அச்சிட்டுப் பையில் சுமந்து விற்கும் எழுத்தாளர் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. விநியோகஸ்தரோ சென்னையிலிருந்து மொத்தமாக வரும் நூல்களைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவருக்கு அது சுலபம்.

இரண்டாவது மொழி. நூலைத் தேர்வு செய்யும் அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு மலாய் நாவலையோ ஆங்கில நாவலையோ அவர் புரட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். தமிழ் நாவல் அவருக்கு ஓர் அட்டைப்படமும் விலையும்தான். 2020ஆம் ஆண்டின் இறுதியில் ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலை உள்துறை அமைச்சு தடை செய்ததை இங்கே நினைவுகூரலாம். அந்தத் தடை சரியா, தவறா என்ற வாதம் இலக்கிய வட்டத்தில் நீண்ட நாள் நடந்தது. தடையுள்ள நூலை எந்த நூலகமும் வாங்க முடியாது என்பது ஒருபுறமிருக்க, தனக்குப் புரியாத மொழியில் உள்ள நூலைப் பற்றி ஓர் அதிகாரியின் எச்சரிக்கை கூடுவது இயல்பு. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்த மொழியில் ஒருவரும் சொல்லாவிட்டால், வாங்காமல் விடுவதே அவருக்குப் பாதுகாப்பு.

மூன்றாவது தேடல். பல நூலகப் பட்டியல்களில் தமிழ் நூல்களின் பெயர்கள் ரோமன் எழுத்தில்தான் பதிவாகின்றன. 'நதிக்கரை' என்ற ஒரு சொல்லை ரோமன் எழுத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். வாசகர் ஒரு விதமாகத் தேடுவார், பதிவு வேறு விதமாக இருக்கும். அலமாரியில் இருக்கும் நூல்கூட இல்லை என்றே பதில் வரும்.

நான்காவது காரணம்தான் மிகக் கசப்பானது. நூலகங்கள் இரவல் கணக்கைப் பார்க்கின்றன. இரவல் போகாத நூல் காலப்போக்கில் கிடங்குக்குப் போகும். அந்த மொழிக்கான அடுத்த ஒதுக்கீட்டைக் கேட்கும்போது அதிகாரியின் கையில் இருக்கும் ஆதாரமும் அந்தக் கணக்குதான். நல்ல நூல் இல்லாததால் தமிழ் வாசகர் வருவதில்லை. தமிழ் வாசகர் வராததால் நல்ல நூல் வாங்கப்படுவதில்லை. இந்த வட்டத்தை உடைக்க வாசகரிடம் இருக்கும் ஒரே கருவி பரிந்துரை.

எவற்றைக் கேட்கலாம்?

1917இல் வெளிவந்த க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' இந்நாட்டின் முதல் தமிழ் நாவலாகக் குறிப்பிடப்படுகிறது. நூறாண்டைத் தாண்டிய மரபு இது. எனவே நூலக வாசகருக்குப் 'புதியது' என்றால் இந்த மாதம் வந்தது என்று மட்டும் பொருள் கொள்ளக்கூடாது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வந்து, இன்றுவரை அவர் ஊர் நூலகத்தை எட்டாத நாவலும் அவருக்குப் புதியதே.

அண்மைக் கால நாவல்களில் சீ. முத்துசாமியின் 'மலைக்காடு' தோட்டத்து மக்களின் வாழ்க்கையிலிருந்து எழுந்தது. அ. பாண்டியனின் 'கரிப்புத் துளிகள்' பினாங்குப் பாலம் கட்டப்பட்ட காலத்தைப் பின்னணியாகக் கொண்டது. 1985இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் தினமும் வண்டி ஓட்டுபவர்கள் பலர். அதைக் கட்டிய காலத்தின் கதையைப் படித்தவர் சிலர்தான். ம. நவீனின் 'சிகண்டி' கோலாலம்பூர் சௌக்கிட் பகுதியின் இருண்ட பக்கங்களுக்குள் போகிறது. முதிர்ந்த வாசகருக்கான நாவல் அது. அதைப் பரிந்துரைப்பவர் அப்படிச் சொல்லியே பரிந்துரைக்க வேண்டும்.

சற்று முந்தியவற்றில் அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஒவ்வொரு மாநில நூலகத்திலும் இருக்க வேண்டியது. ஜப்பானியர் ஆட்சியில், 1942க்கும் 1943க்கும் இடையே, சயாம்-பர்மா ரயில் பாதை போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். பெரும் எண்ணிக்கையில் அங்கேயே மாண்டார்கள். பள்ளிப் பாடநூலில் அவர்களுக்குக் கிடைத்த இடம் சிறியது. நாவல்தான் அவர்களுக்கு முகமும் பெயரும் கொடுக்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும் அதே வரலாற்றைப் பேசுவது.

இங்கேதான் விஷயத்தின் கனம் தெரிகிறது. தோட்டங்கள் பெரும்பாலும் போய்விட்டன. லயங்கள் இடிக்கப்பட்டுத் தாமான்கள் எழும்பிவிட்டன. பால்மரம் சீவியவர்களின் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. கங்காணியின் அதட்டல், பிரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, கோயில் திருவிழா எல்லாவற்றையும் நேரில் அறியாத பேரப் பிள்ளைகள் அவற்றைச் சந்திக்கக்கூடிய இடங்களில் முக்கியமானது நாவல். அந்த நாவலும் எழுத்தாளரின் பெட்டியிலேயே கிடந்தால், பிறகு கேட்டாலும் கிடைக்காது.

பரிந்துரை எப்படி எடுபடும்?

"தமிழ் நூல் இன்னும் வேண்டும்" என்ற பொதுவான மனு எடுபடாது. அதற்கு விடையாக மறுபடியும் சமையல் புத்தகமே வந்து சேரும். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, ஐ.எஸ்.பி.என். எண், விலை, எங்கே வாங்கலாம் என்ற விவரம் ஆகியவை இருக்க வேண்டும். நூலின் பெயரைத் தமிழிலும் ரோமன் எழுத்திலும் தர வேண்டும். அதோடு மலாயில் இரண்டே வாக்கியம்: இது எதைப் பற்றிய நாவல், எந்த வயதினருக்கு உரியது. அதிகாரியின் மேசையில் இருக்கும் இருட்டை அந்த இரண்டு வாக்கியங்கள் நீக்கிவிடும்.

ஒருவர் கேட்பதைவிட ஒரே கிளையில் பத்துப் பேர் தனித்தனியாகக் கேட்பது வலுவானது. ஆலய நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், மணிமன்றக் கிளை போன்றவை இதற்கு ஏற்ற இடங்கள். கேட்டு வாங்க வைத்த நூலை இரவல் எடுப்பதும் அவர்களின் கடமை. கேட்டுவிட்டு எடுக்காமல் விட்டால், அடுத்த முறை கேட்கும் உரிமையும் போய்விடும்.

இலவசமாகக் கொடுத்துவிடலாமே என்று நல்ல மனம் படைத்தவர்கள் சொல்வதுண்டு. கொடுக்கலாம். ஆனால் அன்பளிப்பு நூல்களையும் நூலகம் தரம் பார்த்தே சேர்க்கும். மேலும், வாங்கப்படும் நூல்தான் தமிழுக்குத் தேவை இருக்கிறது என்பதைக் கணக்கில் காட்டும். அன்பளிப்பு அந்தக் கணக்கில் ஏறாது.

எழுத்தாளர் அமைப்புகளின் பொறுப்பும் சிறிதன்று. ஆண்டுக்கு ஐந்தே நாவல்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் மலாயில் ஒரு பத்தி எழுதி, எல்லா மாநில நூலகங்களுக்கும் அனுப்பினால் போதும். அந்த ஐந்தும் நண்பர்கள் எழுதியவை, நம் அணியினர் எழுதியவை என்று ஆகிவிடக்கூடாது. சிபாரிசு வேறு, பரிந்துரை வேறு. படிக்காமல் புகழ்ந்த நூல் ஒன்று அலமாரிக்குப் போய், வாசகர் பத்துப் பக்கத்தில் மூடி வைத்துவிட்டால், அடுத்த ஐந்து நூல்களின் வழியும் அடைபடும். மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்ட, இராம சுப்பையா தொகுத்த மலேசியத் தமிழ் நூல்களின் பட்டியலை ஆய்வாளர்கள் இன்றும் தேடிப் போகிறார்கள். ஒரு நேர்மையான பட்டியலின் ஆயுள் அவ்வளவு நீளம்.

அண்டை நாட்டில் தேசிய நூலக வாரியம் 2005இல் தொடங்கிய 'வாசிப்போம் சிங்கப்பூர்' இயக்கம் நான்கு மொழிகளிலும் நூல்களைத் தேர்ந்து வாசகர்களிடையே கலந்துரையாடலுக்குக் கொண்டு சென்றது. தமிழும் அதில் சம இடம் பெற்றது. அங்கே தமிழ் அதிகாரபூர்வ மொழி, இங்கே அப்படியில்லை என்பது உண்மை. அதனால்தான் அங்கே வாரியம் செய்யும் வேலையை இங்கே வாசகர் செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்த நூல் வெளியீட்டில் முதல் நூலைப் பெறும் பிரமுகர், மாலையோடு திரும்பாமல், தம் தொகுதி நூலகத்துக்கான பரிந்துரைப் பாரத்தையும் மேடையிலேயே நிரப்பிக் கையெழுத்திடலாம். மண்டபத்தில் இருக்கும் நூறு பேரும் அதையே செய்தால், அந்த நாவல் அந்த மாலையோடு முடிந்துபோகாது.