அறிவியல் முற்றம்: நெருப்பைத் தாங்கும் செங்கல்

பள்ளிவாசல் மினாராவாயினும், எளியவரின் ஒற்றை அறையாயினும், இன்று பெரும்பாலும் சிமெண்டினாலேயே எழுகின்றன. அந்தச் சிமெண்ட் பிறக்கும் இடம் சுழல் உலை எனும் நீண்ட எஃகுக் குழாய். அதனுள் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வெந்து கட்டிகளாகின்றன. சுடரின் வெப்பமோ 2000 பாகையை எட்டும். எஃகு 600 பாகையிலேயே தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும். ஆயினும் உலை உருகுவதில்லை. உட்புறத்தில் ஏறக்குறைய ஒரு சாண் கனத்திற்குப் பதிக்கப்பட்ட உயர்வெப்பச் செங்கற்களே அதனைக் காக்கின்றன.

சுடர் தாக்கும் பகுதியில் மக்னீசியாச் செங்கற்கள் இடம்பெறுகின்றன. நம் சேலத்து வெள்ளைக்கல்லைச் சுட்டும் இந்த மக்னீசியா பெறப்படுகிறது. இச்செங்கல் உறுதியானது, ஆனால் நீரைப்போல் மும்மடங்கு கனமுடையது, வெப்பத்தையும் எளிதில் கடத்திவிடும். ஆகவே உலையின் வெளித்தோடு 300 பாகை வரை சூடேறுகிறது. எரித்த நிலக்கரியின் ஒரு பங்கு பயனின்றிக் காற்றோடு போகிறது.

இலேசான செங்கல் இக்குறையைப் போக்குமா? நோன்புக் கஞ்சி அண்டாவை இறக்குவோர் துணியை மடித்தே பிடிக்கின்றனர். மடிப்புகளில் அடைபட்ட காற்றும் கையைக் காக்கிறது. அதுபோலவே நுண்துளைகள் நிறைந்த செங்கல் வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் துளை மிகுந்தால் வலிமை குன்றும். சுழலும் உலையின் அழுத்தத்தில் செங்கல் நொறுங்கும். உப்பாவிகள் துளைகளில் புகுந்து உறைந்து அதனைப் பிளக்கும்.

எனவே ஆய்வாளர்கள் துளைகளை ஒழிக்க முயலவில்லை. அவற்றை மிகச் சிறியனவாக்குகின்றனர். கால்சியம் ஹெக்ஸாஅலுமினேட் எனும் பொருளின் தகடு போன்ற படிகங்கள் ஒன்றோடொன்று பின்னி நிற்பதால், இலேசும் உறுதியும் ஒருங்கே கிட்டுகின்றன. சுடரை நோக்கிய முகத்தில் கனத்த பொருளும், முதுகுப் புறத்தில் இலேசான பொருளும் கொண்ட இரட்டையடுக்குச் செங்கற்களும் உருவாக்கப்பட்டுள்ளன. எனினும் சுடர் நேரே தாக்கும் முகத்தில் கனத்த செங்கல்லுக்கு ஈடு இன்னும் எளிதில் அமையவில்லை.

உழைப்புத்திறன் மட்டுமே அளவுகோலாகிவிடாது. முன்னர்ப் பெரிதும் பயன்பட்ட குரோமியம் கலந்த செங்கற்கள் நன்றாகவே உழைத்தன. ஆனால் உலையின் காரப்பொருள்களோடு சேர்ந்து நச்சு உப்புகளாக மாறி, பழைய செங்கல்லை அகற்றும் தொழிலாளரின் உடலுக்கும் நிலத்தடி நீருக்கும் கேடு விளைவித்தன. ஆதலால் பல நாடுகளில் ஸ்பினல் கலந்த செங்கற்கள் அவற்றின் இடத்தைப் பெற்றன.

வீண்விரயத்தைக் கண்டிப்பதும், பிறருக்குத் தீங்கிழைப்பதைத் தடுப்பதும் நம் மார்க்கத்தின் அடிப்படைப் போதனைகள். எரிபொருளை மிச்சப்படுத்தி, உழைப்பவரின் உயிரையும் காக்கும் ஒரு செங்கல்லைத் தேடுவது வெறும் தொழில்நுட்பம் அன்று. மனிதகுலத்திற்குச் செய்யும் நற்பணியுமாகும். அறிவியல் பயிலும் நம் பிள்ளைகள் இத்துறையின் பக்கமும் கண்ணோட்டம் செலுத்துவார்களாக!