சண்டை விமானத்துக்குள் ஓர் ஆள் இருக்கிறார்



போன வாரம் நான் போட்ட குட்டி விமானத்தின் படத்துக்கு நிறையப் பேர் வாழ்த்துச் சொல்லியிருந்தீர்கள். நன்றி. ஒரு பழைய மாணவி மட்டும், "டீச்சர், சண்டை போடாதீங்கன்னு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த நீங்களே சண்டை விமானம் செய்யறீங்களே?" என்று கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

என் மகள் வயிற்றுப் பேரனுக்குப் பத்து வயது. செல்போனில் விமானச் சண்டை விளையாடுவான். இருபது விமானத்தை வீழ்த்திவிட்டுச் சாவகாசமாகச் சாப்பிட வருவான். திட்டினேன், போனைப் பிடுங்கி வைத்தேன். பலனில்லை. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் மாடல் பெட்டி வாங்கினேன். நேட் என்ற போர் விமானம், 72-ல் ஒரு பங்கு அளவு.

நேட் என்றால் கொசு மாதிரி ஒரு சிறு பூச்சி. பெயருக்கு ஏற்ற விமானம்தான். நீளம் சுமார் 9 மீட்டர். இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு 7 மீட்டர்கூட இல்லை. பிரிட்டனில் 1955-ல் முதன்முதலாகப் பறந்தது. பிறகு பெங்களூரில் எச்.ஏ.எல். நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்தது. எங்கள் மேசையில் அது பன்னிரண்டரை சென்டிமீட்டர்.

ஒரே நாளில் ஒட்டி முடித்துவிடலாம் என்று நினைத்தான். ஒட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்க்கவே இரண்டு நாள் ஆனது. மூக்குக்குள் ஈயக்குண்டு வைக்க மறந்ததால், சக்கரம் மாட்டியதும் விமானம் வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துகொண்டது. பிரித்துத் திரும்பச் செய்தோம். அடுத்து, போருக்குப் போன விமானம் என்று உடம்பு முழுக்கக் கரி பூசப் பார்த்தான். "ஊகிக்காதே, போட்டோவைப் பார்" என்றேன். பார்த்தால் விமானம் சுத்தமாகத்தான் இருந்தது. காற்று உள்ளே போகும் வாய்களை ஒட்டி இரண்டு பக்கமும் பீரங்கிகள் உண்டு. அங்கே மட்டும் லேசாகக் கருப்பு வைத்தான்.

கடைசியாக பைலட் இருக்கை. நிஜத்தில் 5 சென்டிமீட்டர் அகலமுள்ள பெல்ட், மாடலில் எவ்வளவு வரும் என்று கணக்குப் போடச் சொன்னேன். 0.7 மில்லிமீட்டர் என்றான். மாஸ்கிங் டேப்பை அந்த அகலத்துக்கு நறுக்கி, ஊசி முனையால் தோள்பட்டையில் ஒட்டினோம். மூச்சுவிட்டால் பறந்துவிடும். அப்போதுதான் கேட்டான், "அம்மாயி, இத்தனூண்டு இடத்துக்குள்ள எப்படி உட்காருவாங்க? அடிபட்டா எப்படி வெளியே வருவாங்க?"

போனில் இருபது விமானத்தை வீழ்த்தியபோது அவன் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி இது.

நிர்மல் ஜித் சிங் சேகோனைப் பற்றிச் சொன்னேன். 1971 டிசம்பர் 14 அன்று பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் ஸ்ரீநகர் விமானத் தளத்தைத் தாக்கின. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே சேகோன் தன் நேட்டைக் கிளப்பி மேலே போய்ச் சண்டையிட்டார். கடைசியில் அவர் விமானம் வீழ்ந்தது. முப்பது வயதுகூட ஆகவில்லை. உடல் கிடைக்கவில்லை. இந்திய விமானப்படையில் பரம வீர் சக்கரம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அவருடைய 18-ஆம் ஸ்குவாட்ரன்தான் 2020-ல் தேஜஸ் விமானங்களோடு நம் சூலூரில் மீண்டும் செயல்படத் தொடங்கியது.

பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த சேபர்லயும் இதே மாதிரி பெல்ட் போட்டு ஓர் ஆள் உட்கார்ந்திருப்பாருல்ல?" என்றான்.

அம்மா, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். போரைப் பிள்ளைகள் கண்ணிலிருந்து மறைத்துவிட முடியாது. அது போன் வழியாக ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது, அதுவும் ஆளே இல்லாத விளையாட்டாக. பெல்ட்டை வெட்டி ஒட்டிய கைக்கு உள்ளே ஓர் ஆள் இருப்பது தெரியும். நுணுக்க வேலை அழகுக்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பொருளை உள்ளபடி பார்க்க அது கண்ணைப் பழக்குகிறது. கைத்தொழில் வகுப்பைப் பரீட்சைக்காகப் பிடுங்கிக்கொண்டவர்களில் நானும் ஒருத்திதான். அது தப்பு என்று இப்போது புரிகிறது.

அவன் திருந்திவிட்டான் என்று பொய் சொல்ல மாட்டேன். இன்னும் போனில் விளையாடுகிறான். ஆனால் வீழ்த்தியதை எண்ணிச் சொல்வதை நிறுத்திவிட்டான்.

பெற்றோராகிவிட்ட என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வாங்கிக் கொடுத்தால் கூடவே உட்காருங்கள். கத்தியை நீங்கள் பிடியுங்கள், பெயின்ட் அடிக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். ஸ்டிக்கர் கோணலாக ஒட்டினால் விட்டுவிடுங்கள். எங்கள் விமானத்தின் வால் பக்கத்தில் ஒன்று கோணலாகத்தான் இருக்கிறது. நான் தொடவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்