காகா எப்போது ஓய்வெடுப்பார்?

புனேக்குப் படிக்க வரும் தமிழ் மாணவன் முதன்முதலில் கற்றுக்கொள்ளும் மராத்திச் சொற்களுள் ஒன்று 'காகா'. சித்தப்பா என்பது பொருள். ரயிலைவிட்டு இறங்கியதும் ஆட்டோ ஓட்டும் பெரியவரை நாம் அப்படித்தான் அழைக்கிறோம். உறவுமுறை சொல்லி அழைக்கிறோமே தவிர, உறவினருக்குரிய அக்கறையை அவரிடம் காட்டுகிறோமா? அவருக்கு வயதென்ன, கண் தெளிவாகத் தெரிகிறதா, எழுபதை நெருங்கியும் ஏன் கைப்பிடியை விடாமல் இருக்கிறார் என்றெல்லாம் நாம் கேட்பதில்லை. கேட்கத்தான் வேண்டும். ஏனெனில் அவருடைய உயிரும் நம்முடைய உயிரும் ஒரே வண்டியில்தான் போகின்றன.

அண்மையில் விடுதியிலே இதுபற்றி ஒரு சொற்போர் மூண்டது. "அறுபது கடந்தவருக்கு வண்டி ஓட்டும் உரிமமே தரக்கூடாது, விபத்துக்கெல்லாம் இந்தக் கிழவர்களே காரணம்" என்றார் ஒரு நண்பர். "ஏழையின் வயிற்றில் அடிக்காதே" என்று சீறினார் மற்றொருவர். இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருந்தது. ஆனால் பாதி உண்மையைக் கொண்டு முழுச் சட்டம் செய்ய முடியாதே!

முதலில் கிழவர்மேல் விழும் பழியை ஆராய்வோம். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவ்வாண்டு நடந்த விபத்துகளில் பத்துக்கு ஏழு, அளவு மீறிய வேகத்தால் விளைந்தவை என்று மத்திய அரசின் கணக்கே கூறுகிறது. வேகம் முதுமையின் நோயா? 2012 ஜனவரி 25 அன்று சுவார்கேட்டிலிருந்து அரசுப் பேருந்தைக் கடத்தி ஓட்டி ஒன்பது பேரைக் கொன்றவர் நடுவயதுக்காரர். 2024 மே 19 அன்று கல்யாணி நகரில் இளம் பொறியாளர் இருவர் காரில் அடிபட்டு மாண்ட வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட சிறுவனுக்கு வயது பதினேழு. நரைத்த தலையைக் கண்டதும் குற்றவாளியைக் கண்டுவிட்டதாக எண்ணுவது நேர்மையாகாது.

அதற்காக முதுமை ஒன்றும் செய்யாது என்று சாதிப்பதும் அறிவுடைமையன்று. இருபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதில் எட்டுகிறது. கண்புரை படர்ந்தால் எதிர்வரும் விளக்கொளி சிதறிப் பார்வையை மறைக்கும். கூசிய கண் மீண்டும் தெளிய, இளைஞருக்கு ஆவதைவிட அதிக நேரம் ஆகும். சர்க்கரை நோயும் இருதய நோயும் அறிவித்துவிட்டு வருவதில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு கட்ரஜ் பக்கமிருந்து ஆட்டோவில் திரும்பினேன். எதிரே ஒரு லாரி முழு விளக்கோடு வந்தது. காகா வண்டியைச் சாலை ஓரத்தில் நிறுத்தியே விட்டார். "ஒளி பட்டால் சற்று நேரம் ஒன்றும் தெரியாது, பேட்டா" என்றார். "பிறகு இரவில் ஏன் ஓட்டுகிறீர்கள், காகா?" என்றேன். "பகலில் நெரிசல். இரவில்தான் நாலு காசு. ஓட்டாவிட்டால் மருந்துக்கு யார் கொடுப்பார்?" என்றார். அவர் நிறுத்தினாரே, அது அனுபவம். அனுபவம் அன்று எங்கள் இருவரையும் காத்தது. எல்லா இரவும் காக்குமா?

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் வாடகை வண்டி ஓட்டுவோருக்கு மேல்வயது வரம்பு எதுவும் இல்லை. உரிமத்தைப் புதுப்பிக்கும்போது மருத்துவச் சான்றிதழ் தரவேண்டும்; அவ்வளவே. முன்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தார்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஐந்தாண்டாக நீட்டிவிட்டது. முப்பது வயதுக்காரருக்கும் ஐந்தாண்டு. எழுபது வயதுக்காரருக்கும் ஐந்தாண்டு! வானத்தைப் பாருங்கள். அனைத்துலக விதிப்படி, பயணிகள் விமானம் ஓட்டுவோருக்கு 65 வயது வரம்பு உண்டு. அறுபது கடந்த விமானி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர்முன் நிற்கவேண்டும். ஆகாயத்தில் போகிறவன் உயிருக்கு ஒரு விலை, ஆட்டோவில் போகிறவன் உயிருக்கு வேறு விலையா?

பிற நாடுகள் இதைச் சிந்தித்திருக்கின்றன. ஜப்பானில் 75 கடந்தவர் உரிமம் புதுப்பிக்க, 2009 முதல் நினைவாற்றல் சோதனை உண்டு. 2019இல் டோக்கியோவின் இக்கெபுக்குரோவில் 87 வயது முதியவரின் கார் மோதி ஒரு தாயும் அவருடைய சின்னஞ்சிறு மகளும் மாண்டார்கள், நாடே பதைத்தது. 2022 முதல், விதிமீறிய முதியவர்கள் வண்டியை ஓட்டிக் காட்டியும் தேறவேண்டும் என்றாக்கினார்கள். சிங்கப்பூரோ 2012இல் டாக்சி ஓட்டுநரின் வயது வரம்பை 73இலிருந்து 75 ஆக உயர்த்தியது. முதியவர் ஓட்டலாம், ஆனால் சோதித்துப் பார்த்தே ஓட்டவேண்டும் என்பது இவற்றால் பெறும் பாடம்.

அப்படியானால் சோதனையைக் கடுமையாக்கினால் போதுமா? போதாது, தோழர்களே! இங்கேதான் நம்மில் பலர் தவறிவிடுகிறோம். சோதனையில் தோற்றால் அடுப்பு அணையும் என்றால் எவர் உண்மையான சோதனைக்கு வருவார்? கண்ணைப் பார்க்காமலே கையெழுத்திடும் மருத்துவரைத் தேடித்தான் போவார். பசி பொய்ச் சான்றிதழை விலைக்கு வாங்கும்.

2021இல் மும்பையில் 74 வயது ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் கதை நாட்டையே உலுக்கியது. பேத்தியின் படிப்புக்காக வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே உறங்கியவர் அவர். மக்கள் மனமிரங்கி 24 லட்சம் ரூபாய் திரட்டிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு பெங்களூரில் இன்னொரு 74 வயது ஆட்டோ ஓட்டுநர் தெளிந்த ஆங்கிலத்தில் பேசியதைக் கேட்டுப் பயணி வியந்தார். அவர் முன்னாளில் தனியார் கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர்! ஓய்வூதியம் இல்லாததால் ஆட்டோவுக்கு வந்தவர். பட்டம் பெறப்போகும் நாம் இதை இருமுறை படிக்கவேண்டும். ஒருவருக்கு இரக்கம் கிடைத்தது. இன்னொருவருக்குப் புகழ் கிடைத்தது. மற்ற காகாக்களுக்கு என்ன கிடைக்கும்?

மத்திய அரசின் முதியோர் உதவித் திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 60 முதல் 79 வயதினருக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய் என்று வைத்தார்கள்; விலைவாசி ஏறிற்று, தொகை ஏறவில்லை. 2025 தொடக்கத்தில் மகாராட்டிர அரசு, நல வாரியத்தின் வழியாக, 65 கடந்த ஆட்டோ, டாக்சி ஓட்டுநருக்கு 10,000 ரூபாய் தருவதாக அறிவித்தது. வரவேற்போம். ஆனால் மாதந்தோறும் வீட்டு வாடகைக்கு ஆவது ஓய்வூதியம் ஒன்றே. இந்தப் புனேயில் சுமைதூக்குவோரையும் ஆட்டோ ஓட்டுவோரையும் ஒன்று சேர்த்த பாபா ஆடாவ், 2012இல் அருணா ராயுடன் இணைந்து ஓய்வூதியப் பேரவையைத் தொடங்கினார். குறைந்தபட்சக் கூலியில் பாதியாவது ஒவ்வொரு முதிய தொழிலாளிக்கும் ஓய்வூதியமாக வேண்டும் என்பது அதன் கோரிக்கை. அதை முதியோர் நலக் கோரிக்கை என்று மட்டும் எண்ணாதீர்கள். அது சாலைப் பாதுகாப்புக் கோரிக்கையும் ஆகும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அறுபது கடந்த ஓட்டுநருக்கு ஆண்டுக்கொருமுறை கண்ணும் இருதயமும் சர்க்கரையும் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சோதிக்கப்படட்டும். கண்புரை என்றால் அறுவை செய்து மீண்டும் ஓட்ட விடுங்கள். இரவில் மட்டும் இயலாதென்றால் பகலுக்கு மட்டும் உரிமம் கொடுங்கள். அறவே இயலாதென்றால் அன்றே ஓய்வூதியம் தொடங்கட்டும்.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. ஹடப்சர் பக்கம் உள்ள தேசாய் கண் மருத்துவமனை ஏழைகளுக்குக் கண்புரை அறுவையை இலவசமாகச் செய்து வருகிறது. நம் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் விழாச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, பல்கலைக்கழக வாயில் ஆட்டோ நிலையத்தில் ஒரு கண் சோதனை முகாம் நடத்தினால் என்ன? மராத்தி அறிந்த மாணவர்கள் துணை நிற்கலாம். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரப் போகிறேன். ஆதரவு தாருங்கள், எதிர்ப்பதானால் காரணத்தோடு எதிர்த்துப் பேசுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.