வெயிலில் ஹைட்ரஜன்: வீணாவது எங்கே என்று காட்டும் எலெக்ட்ரான் கேமரா

தண்ணீரில் ஒரு தூளைப் போட்டு வெயிலில் வைத்தால் ஹைட்ரஜன் வர வேண்டும். கரண்ட் வேண்டாம், புகையும் கிடையாது. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. டைட்டானியம் டை ஆக்ஸைடு மின்முனையில் ஒளி பட்டு நீர் பிரிவதை ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-லேயே 'நேச்சர்' இதழில் எழுதிவிட்டார்கள். ஆனால், 2021-ல் அதே நாட்டில் கசுனாரி டோமென் குழு 100 சதுர மீட்டர் பேனல்களை வைத்துச் சோதித்தபோது, சூரிய ஆற்றலில் ஹைட்ரஜனாக மாறியது அதிகபட்சம் 0.76 சதவீதம்தான்.

மீதி எங்கே போச்சு?

அந்தப் பொருள் புற ஊதாக் கதிரை மட்டுமே பிடிக்கும். வெயிலில் அது சிறு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பிடிக்கும் பொருள்களில் வேறு தொல்லை. ஒளி பட்டதும் ஓர் எலெக்ட்ரான் துள்ளி எழும்; அது விட்டுப்போன இடம் 'துளை'. இரண்டும் தனித்தனியாக மேற்பரப்புக்கு வந்தால்தான் நீர் பிரியும். பெரும்பாலானவை வழியிலேயே மறுபடி சேர்ந்துவிடுகின்றன.

எப்படிப் படம் பிடிப்பது?

இதற்கு வழி திறந்தவர், 1999-ல் வேதியியல் நோபல் பெற்ற அகமது ஜுவைல். அதிவேக எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் லேசர் துடிப்பு இரண்டாகப் பிரியும். ஒன்று பொருளைத் தூண்டும். மற்றொன்று எலெக்ட்ரான் துடிப்பை உருவாக்கும். படம் எடுப்பது அதுதான். ஒளியின் பாதையை வெறும் 0.3 மில்லிமீட்டர் நீட்டினால் 1 பிகோ நொடி, அதாவது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு தாமதம் கிடைக்கும். தாமதத்தை மாற்றி மாற்றி எடுத்த படங்களை அடுக்கினால், சினிமா ரெடி.

இதற்கு நெருங்கிய உறவான ஒளி உமிழ்வு எலெக்ட்ரான் நுண்ணோக்கியையும் பயன்படுத்தி, சீனாவின் டாலியன் வேதி இயற்பியல் நிறுவனம் 2022-ல் குப்ரஸ் ஆக்ஸைடு துகள்களை ஆராய்ந்தது. எலெக்ட்ரான்கள் ஒரு பிகோ நொடிக்குள் படிகத்தின் ஒரு முகத்துக்கு ஓடின. துளைகள் வேறொரு முகத்துக்கு மைக்ரோ நொடிகளில் மெதுவாகப் போய்ச் சேர்ந்தன. ஆக, படிகத்தின் முகங்களையும் குறைபாடுகளையும் திட்டமிட்டு அமைத்தால் மின்னூட்டங்களைப் பிரித்து அனுப்பலாம்.

குறையும் உண்டு. எலெக்ட்ரான் நுண்ணோக்கி பொதுவாக வெற்றிடத்தில் இயங்குவது. நிஜ வினையோ தண்ணீரில் நடப்பது. கருவியும் விலை அதிகம். ஆனாலும், கலந்து பார், வேலை செய்கிறதா பார் என்று ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. கசிவு எங்கே என்று தெரியாமல் குழாயை மாற்றிக்கொண்டே இருக்க முடியாது. புதிய தூளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு, பழைய தூளுக்குள் எட்டிப் பார்க்கவும் போக வேண்டும்.