கல்லுப் பள்ளிகளைக் காப்போம்!

 

கீழக்கரை ஜும்ஆப் பள்ளியைப் பார்த்திருக்கிறீர்களா? 17ஆம் நூற்றாண்டில், வள்ளல் சீதக்காதியின் காலத்தில் எழுந்த கல்லுப் பள்ளி அது. வரிசை வரிசையாய்க் கல்தூண்கள். தமிழகச் சிற்பியின் கைத்திறன் முழுவதும் அங்கே உண்டு. உருவச் சிலை ஒன்றுகூட இல்லை. பூவும் கொடியும் கோலமுமே கல்லில் மலர்ந்திருக்கின்றன. காயல்பட்டினத்திலும் பழைய கல்தூண் பள்ளிகள் உண்டு. கடல் வாணிபம் செய்த நம் முன்னோர் இந்த மண்ணுக்கு அந்நியர் அல்லர் என்பதற்கு இவற்றைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் இன்று பல ஊர்களில் நடப்பது என்ன? 'புதுப்பிக்கிறோம்' என்று கல்தூணில் எனாமல் பெயிண்ட் அடிக்கிறோம். சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசுகிறோம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்டும் பெயிண்டும் அதை உள்ளே அடைத்துவிடும். கடற்கரை ஊர்களில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்து கல்லைப் பொரிந்து உதிரச் செய்யும். மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்தால் எழுத்தும் வேலைப்பாடும் தேய்ந்து போகும்.

"தொழ இடம் போதவில்லையே!" என்பீர்கள். நியாயம்தான். பக்கத்தில் விரிவாக்குங்கள்; பழையதை இடிக்காதீர்கள். "கல்லுக்கு என்ன மகிமை?" என்று கேட்கும் இளைஞர்களே! கல்லை மகிமைப்படுத்தச் சொல்லவில்லை. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம், நம் ஆவணம்.

2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டம், 'நெடுங்காலப் பயன்பாட்டினால் வக்ஃபு' என்ற வகையை இனிவரும் காலத்திற்கு நீக்கிவிட்டது. முன்பே பதிவானவற்றிலும் தகராறு எழுந்தால் ஆதாரம் கேட்பார்கள். அந்த நாளில், பெயிண்டுக்கு அடியில் புதைந்த கல்வெட்டு நமக்காகப் பேசுமா?

இளைஞர்களே! உங்கள் ஊர்ப் பள்ளியின் தூண்களையும் கல்வெட்டுகளையும் மீசான் கற்களையும் படம் எடுத்துப் பதிவு செய்யுங்கள். பழைய பத்திரங்களைத் தேடி ஜமாஅத்திடம் சேருங்கள். வணிகப் பெருமக்களே! திருப்பணிக்கு அள்ளிக் கொடுக்கும் கரங்கள் உங்களுடையவை. கொடுக்கும்போதே, "தொல்லியல் அறிந்தவரிடம் கேட்டீர்களா? சுண்ணாம்பா, சிமெண்டா?" என்று முத்தவல்லியிடம் கேளுங்கள். உங்கள் ஒரு கேள்வி ஒரு பள்ளியைக் காப்பாற்றும்.

பாபரி பள்ளியை 1992இல் பிறர் இடித்தபோது கண்ணீர் வடித்தோம். நம் கையாலேயே நம் வரலாற்றை இடிக்கலாமா?

சிந்திப்போம்! செயல்படுவோம்! வல்ல இறைவன் துணை புரிவானாக! ஆமீன்.