மேற்பூச்சு மோகம்

புதிதாகக் கார் வாங்குகிறவர், வண்டியின் விலையைக் கொடுத்து, இன்ஷூரன்ஸ், சாலை வரி, பதிவு ஆகியவற்றுக்கும் தனித்தனியே பணம் கட்டி முடித்த பிறகும், ஷோரூமிலேயே இன்னும் ஒரு பூச்சுக்குப் பணம் கட்டினால்தான் அவ்வண்டியின் வர்ணம் நம் நாட்டு வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கும் என்ற அபிப்பிராயம், இன்று பட்டணங்களைக் கடந்து கிராமங்கள் வரையிலும் பரவி, ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே நிலைபெற்றுவிட்டது. சீயமங்கலம், தேசூர், செஞ்சி முதலிய எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து, மல்லாட்டையிலும் நெல்லிலும் சேர்த்த பணத்தோடும், வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் அனுப்பிய பணத்தோடும் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ திருவண்ணாமலைக்கோ போய்க் கார் எடுத்து வருகிறவர்கள், டெஃப்ளான் என்றும் செராமிக் என்றும் பெயின்ட் புரொடெக்‌ஷன் என்றும் பலவாறாக வழங்கும் இப்பூச்சுக்குச் சில ஆயிரம் முதல் இருபது, முப்பதாயிரம் ரூபாய் வரை கொடுத்துவிட்டு, வண்டிக்குத் திருஷ்டி கழித்ததைப் போன்ற திருப்தியோடு வீடு திரும்புகிறார்கள். அந்தத் திருப்திக்கு ஆதாரம் ஏதுமில்லை என்பதும், கொடுத்த பணத்தில் பெரும்பகுதி வீண் என்பதுமே என்னுடைய கட்சி.

இந்த அபிப்பிராயத்தின் வேர், காரின் வர்ணம் என்பது வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வர்ணத்தைப் போல மேலே தடவி உலரவிட்ட ஒரு வஸ்து என்ற எண்ணத்திலே இருக்கிறது. உண்மை வேறு. 1998-ஆம் ஆண்டு முதல் கார்கள் வெளிவரும் இருங்காட்டுக்கோட்டையும், பின்னர் தோன்றிய ஒரகடமும் நமக்கு எட்டாத தேசங்களல்ல. அத்தகைய தொழிற்சாலைகளிலே ஒரு காரின் கூடு முதலில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவப்பட்டு, பாஸ்பேட் முதலிய இரசாயனக் குளியல் பெற்று, பின்னர் வர்ணம் நிறைந்த பெரிய தொட்டியிலே முழுவதுமாக அமிழ்த்தப்பட்டு, மின்சாரத்தின் சக்தியினாலே இடுக்குகளிலும் மடிப்புகளிலும்கூட அந்த முதற்பூச்சைப் பற்றிக்கொண்டு, 160 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூளையிலே வேகவைக்கப்படுகிறது. அதற்குமேல் பிரைமர், அதற்குமேல் நிறம் தரும் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சு ஆகியவை ஏறி, மீண்டும் சுமார் 140 பாகை வெப்பத்திலே இறுகுகின்றன. எல்லாம் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் கனம் இருக்கும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதிலே கிளியர் கோட் மாத்திரம் 35 முதல் 50 மைக்ரான்.

வர்ணத்தைக் காப்பதே இந்தக் கிளியர் கோட்டின் உத்தியோகம். சூரியனுடைய புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி அடக்கும் பொருள்கள் அதனுள்ளேயே கலந்திருக்கின்றன. மழையும் வெயிலும் முதலில் அதன்மீதே படுகின்றன. நிறத்தை மாத்திரம் நம்பி வண்டி விற்ற காலத்திலே, கார் வெளுத்துச் சாம்பல் பூத்துப்போவது சர்வ சாதாரணம். அந்தக் காலத்து அச்சத்தையே இந்தக் காலத்து வண்டிக்கும் விற்கிறார்கள். ஆகவே, "சார், கோட்டிங் போடலேன்னா ரெண்டு வருஷத்துல பெயின்ட் மங்கிடும்" என்று ஒரு விற்பனையாளர் சொல்லும்போது, தாம் விற்கும் வண்டியின் தொழிற்சாலைப் பூச்சு இரண்டு வருஷங்கூட நிற்காதது என்று அவரே சாட்சி சொல்கிறார். அச்சாட்சியம் மெய்யானால் வாங்க வேண்டியது வேறு வண்டி. பொய்யானால் பூச்சு வேண்டியதில்லை. இரண்டிலே எதுவானாலும் இருபதாயிரம் ரூபாய்க்கு அங்கே வேலை இல்லை.

இனி, பூச்சுகளைத் தனித்தனியே பார்ப்போம். டெஃப்ளான் என்ற பெயரைக் கேட்டவுடன் ஒட்டாத தோசைக்கல் நினைவுக்கு வருவது இயற்கை. விற்பனையும் அந்த நினைவை நம்பியே நடக்கிறது. 1938-ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் டுபான்ட் கம்பெனியில் ராய் பிளங்கெட் என்னும் ரசாயன நிபுணர் தற்செயலாகக் கண்டறிந்த அந்தப் பொருள் உருகுவதற்கு 327 பாகை வெப்பம் வேண்டும். பாத்திரத்தின்மீது அது படலமாகிப் பற்றிக்கொள்வதற்கோ, அதைவிடவும் அதிகமான வெப்பத்திலே சுட வேண்டும். அவ்வளவு சூட்டிலே காரை வைத்தால், காக்க வேண்டிய வர்ணமே கருகிப்போகும். ஆகையால், புட்டியிலிருந்து ஊற்றிப் பஞ்சினால் தேய்க்கப்படும் திரவத்திலே அந்தப் பொருளின் துகள்கள் உண்மையாகவே இருந்தாலும், தோசைக்கல்லின்மீது நிகழ்வது கார்க் கதவின்மீது நிகழ வழியே இல்லை. அங்கே மினுமினுப்பைத் தருவது அந்தத் திரவத்தில் உள்ள மெழுகும் எண்ணெயுந்தான். சில தடவை வாட்டர்வாஷ் செய்தால் அவை போய்விடும். அதே மினுமினுப்பைத் தரும் மெழுகு, கடையிலே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

செராமிக் பூச்சை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட இயலாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சிலிக்கா வகையைச் சேர்ந்த அந்தப் பொருள் வர்ணத்தின்மீது மெய்யாகவே பற்றிக்கொள்கிறது, தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு ஓடுகிறது, அழுக்கு அதிகம் ஒட்டுவதில்லை, கழுவுவது எளிதாகிறது. ஆனால் இவையெல்லாம் சௌகரியங்களேயன்றி ரட்சணம் அல்ல. சாதாரணமாக ஒன்றிரண்டு மைக்ரானே கனமுள்ள அந்தப் படலம், கல் தெறிப்பதையோ, மாட்டு வண்டி உராய்வதையோ, சாவிக்கொத்தின் கீறலையோ தடுக்கும் என்று எண்ணுவது பேதைமை. "9 ஹெச்" கடினம் என்று பெருமையாகச் சொல்லப்படுவதும், வைரம் பத்து, குவார்ட்ஸ் ஏழு என்று தாதுப்பொருள்களை வரிசைப்படுத்தும் அளவுகோலைச் சேர்ந்ததன்று. ஓவியக்காரர்கள் உபயோகிக்கும் பென்சில்களின் கடினத்தைக் கொண்டு, எந்தப் பென்சில் வர்ணப் படலத்தைக் கீறுகிறது என்று பார்க்கும் பரீட்சையைச் சேர்ந்தது. செஞ்சிச் சுற்றுவட்டாரத்துக் குன்றுகளெல்லாம் கருங்கல். அந்தக் கல்லிலே குவார்ட்ஸ் நிறைய உண்டு. ஜல்லி லாரிகள் போகிற சாலைகளிலே பறந்து வந்து வண்டியின்மேல் படியும் தூசியும் அந்தக் கல்லின் தூசியே. அந்தத் தூசி படிந்திருக்கையில் உலர்ந்த துணியால் வண்டியைத் துடைப்பவர், எந்தப் பூச்சு இருந்தாலும் கீறலையே உண்டாக்குகிறார்.

இத்தகைய பூச்சை ஒருவர் விரும்பினாலும், அதை வாங்குவதற்கு ஷோரூமைக் காட்டிலும் தகாத இடம் வேறில்லை. வண்டியை நன்றாகக் கழுவி, ஒட்டிய துகள்களைக் களிமண் போன்ற பசையால் உருட்டி எடுத்து, நுண்கீறல்களை மெருகேற்றிப் போக்கி, எண்ணெய்ப் பசையை முற்றிலும் நீக்கி, பூச்சைத் தடவிய பிறகு தூசியும் ஈரமும் படாத இடத்திலே அது இறுகும்வரை நிறுத்தி வைப்பது, தேர்ந்த கை ஒன்றுக்கு ஒன்றிரண்டு நாள் வேலை. நல்ல நாள் பார்த்து, நல்ல நேரத்துக்குள் டெலிவரி கொடுத்தாக வேண்டிய அவசரத்திலே, ஒரே காலையில் பல வண்டிகளைக் கழுவித் துடைக்கும் கொல்லைப்புறத்திலே இவ்வளவு சிரத்தை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. அங்கே வேலை செய்யும் பையன்களை நான் குறைசொல்லவில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட காலம் அவ்வளவுதான். பூசினார்களா, வெறுமனே பாலிஷ் போட்டுத் துடைத்தார்களா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வாங்குகிறவராலும் ஆகாது. புது வண்டி எப்படியும் மினுங்கத்தான் செய்யும். சோதித்தறிய முடியாத சரக்கை அதிக லாபத்துக்கு விற்க முடிகிறபோது வியாபாரம் எந்தத் திசையில் போகும் என்பதை யூகிக்கப் பெரிய ஞானம் வேண்டியதில்லை.

மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று கொடுக்கப்படும் வாரண்டிச் சீட்டைக் காட்டிச் சிலர் வாதிப்பார்கள். அந்தச் சீட்டின் பின்புறத்துப் பொடி எழுத்துக்களையும் அவர்கள் வாசிக்க வேண்டும். வருஷந்தோறும் குறிப்பிட்ட இடத்திற்கே கொண்டுவந்து பணம் கட்டிப் பராமரிக்க வேண்டும், ஒரு தவணை தவறினாலும் வாரண்டி செல்லாது, கல் பட்ட வடு, கீறல், பறவை எச்சத்தின் கறை, உப்புத் தண்ணீரின் கறை ஆகியவை அடங்கா என்பன போன்ற நிபந்தனைகள் அங்கே சகஜமாகக் காணப்படும். எந்தெந்த ஆபத்துக்களைச் சொல்லிப் பூச்சு விற்கப்பட்டதோ, அவற்றையெல்லாம் விலக்கிவிட்ட பிறகு அந்தச் சீட்டிலே எஞ்சுவது விற்றவரின் முத்திரை மாத்திரமே.

நீடித்து நிற்பது எது என்பதைக் கற்றுக்கொள்ள எங்கள் பக்கத்தாருக்கு ஷோரூம் தேவையில்லை. சீயமங்கலத்துப் பாறையைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் எடுப்பித்த அவனிபாஜன பல்லவேஸ்வரம் ஏறக்குறைய 1,400 வருஷங்களாக நிற்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை இவை நான்கும் இன்றியே ஆலயம் அமைத்ததாக அதே மன்னன் மண்டகப்பட்டிலே கல்வெட்டில் பெருமை கொள்கிறான். உறுதி உடலிலே இருந்தால் மேலே எதையும் சேர்க்க வேண்டியதில்லை என்பது அவனுடைய துணிவு. வர்ணத்திற்கு இது பொருந்துமா என்று கேட்பவர்கள் பனமலைக்குப் போய்ப் பார்க்கலாம். ராஜசிம்மன் காலத்துத் தாளகிரீஸ்வரர் கோயிலிலே அம்பிகையின் ஓவியம் ஒன்று, சிதைந்தும் இன்றளவும் நிறம் காட்டுகிறது. அது எஞ்சியதற்குக் காரணம், பின்னால் ஒருவர் வந்து அதன்மேல் எதையோ தடவியதல்ல; சுதையோடு சேர்ந்து நிலைத்த வர்ணமும், வெயிலும் மழையும் நேரே படாத உட்சுவருந்தான். ஆக, அடித்தளமும் நிழலும் என இரண்டே காரணங்கள். காருக்கு முதலாவதைத் தொழிற்சாலை தந்துவிட்டது. இரண்டாவதை உடையவர்தான் தர வேண்டும்.

எதிர்க்கட்சியின் நியாயங்களில் இரண்டு கவனிக்கத் தக்கவை. பி.பி.எஃப். என்று வழங்கும் பாலியூரிதேன் படலம், 150 முதல் 200 மைக்ரான் கனத்தோடு, கல் தெறிப்பையும் சிறு கீறலையும் மெய்யாகவே தாங்குகிறது. ஆனால் வண்டி முழுவதற்கும் அதை ஒட்டுவதற்கு ஆகும் செலவைக் கொண்டு, சேதமான பாகங்களைப் பின்னால் பல தடவை வர்ணம் பூசிக்கொள்ளலாம். நெடுஞ்சாலையிலே நாள்தோறும் ஓடுகிறவர் முன்புறத்துக்கு மாத்திரம் ஒட்டிக்கொள்வதில் பிசகில்லை. மற்றொன்று, விற்கும்போது நல்ல விலை கிடைக்கும் என்பது. பழைய கார் வாங்குகிறவர் கிலோமீட்டரையும், சர்வீஸ் புத்தகத்தையும், மோதிப் பட்டி பார்த்த அடையாளத்தையும், டயரையும் பார்க்கிறாரே தவிர, ஆறு வருஷத்துக்கு முன் போட்ட பூச்சின் ரசீதைக் கேட்பதில்லை.

பணத்தின் கணக்கையும் பார்ப்போம். பூச்சின் விலையான 25,000 ரூபாயை வண்டிக் கடனோடு சேர்த்துவிட்டால், நூற்றுக்கு ஒன்பதரை வட்டியிலே ஏழு வருஷத் தவணையில் கட்டி முடிக்கும்போது அது ஏறக்குறைய 34,300 ரூபாயாகிறது. மூன்றாவது வருஷத்திலே பூச்சு மறைந்திருக்கும், தவணை மறையாது. அந்தத் தொகையைக் கொண்டு வீட்டு வாசலிலே தகரக் கூரையோ கீற்றுக் கொட்டகையோ போட்டால், வெயில், வேப்பம் பிசின், காக்கை எச்சம் ஆகிய மூன்றும் ஒரே முயற்சியில் விலகும். அந்த நிழல் அடுத்த வண்டிக்கும் உதவும்.

வண்டியோடு பூச்சையும் வாங்கித்தான் தீர வேண்டும் என்று யாரேனும் நிர்ப்பந்தித்தால், அது வெறும் மரியாதைக் குறைவு மாத்திரமல்ல. ஒரு பொருளை விற்பதற்கு மற்றொன்றை வாங்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்று வகுத்து, முறையீட்டுக்கு உரியதாக வைத்திருக்கிறது. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலே புகார் சொல்லலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்தை மாவட்ட ஆணையத்துக்குக் கொண்டுபோகக் கட்டணமுமில்லை. "பூச்சு போட்டே வண்டி வந்துவிட்டது" என்று சொல்பவரிடம், நான் கேட்காத வேலைக்கு நான் பணம் தர வேண்டியதில்லை என்று அமைதியாகச் சொல்வதே போதும். பெரும்பாலும் பில்லிலிருந்து அந்த வரி நீங்கிவிடும்.

ஆகவே, வண்டியை முன்பதிவு செய்யும் அன்றே, பூச்சு வகை எதுவும் வேண்டாம் என்று எழுத்திலே கொடுத்து, விலைப்பட்டியலைத் தனித்தனி வரிகளாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்த வண்டியை நிழலிலே நிறுத்துங்கள். பறவை எச்சத்தை அன்றைக்கே நனைத்து எடுங்கள். தூசியைத் தண்ணீர் விட்டு ஓட்டிய பிறகே துணியைத் தொடுங்கள். போர்த் தண்ணீரில் கழுவினால் வெயிலிலே உலரவிடாமல் உடனே துடைத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கடையிலே கிடைக்கும் மெழுகை உங்கள் கையாலேயே தடவுங்கள். இவ்வளவும் செய்கிறவருக்கு ஷோரூம் பூச்சு வேண்டியதில்லை. இவற்றில் எதையும் செய்யாதவரின் வண்டியை அந்தப் பூச்சும் காப்பாற்றப் போவதில்லை.